டைல்ஸுக்கு முந்தைய நாள்

போட்டு முடித்த டைல்ஸைப் பாராட்ட ஆள் நிறைய உண்டு. என் மனம் லயிப்பது அதற்கு முந்தைய நாள் வேலையில். பழைய சிமெண்ட் தரையை ஒரு நல்ல மேஸ்திரி எப்படிப் பக்குவப்படுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை காதுக்கு. சுத்தியலால் தரையை மெல்லத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடம் 'டங்'கென்று ஒலிக்கும். அடியில் பிடிப்பு விட்ட இடம் 'பொத்'தென்று மங்கும். மங்கிய இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, கெட்டித் தளம் வரும்வரை பெயர்த்தெடுத்துப் புதுக் கலவையால் அடைப்பார்.

அடுத்தது கொத்து. பழைய வீடுகளில் சிமெண்ட் பாலையோ ரெட் ஆக்சைடையோ கரணையால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கியிருப்பார்கள். அதன்மேல் மெழுகு பாலிஷும் ஏறியிருக்கும். அந்த வழவழப்பில் எந்தக் கலவையும் பிடிக்காது. தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக நிற்கும். கொத்திய பின் அதே தரை தண்ணீரைக் குடிக்கும்; அதுதான் பதம். பழகாத கை ஆழமாக வெட்டித் தளத்தையே அதிர வைத்துவிடும். தேர்ந்த கை மேல்தோலை மட்டும் எடுக்கும். புள்ளிகள் நெருக்கமாக, ஒரே ஆழத்தில், அம்மி கொத்தியதுபோல் விழும். எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத வேலை இது. பிறகு தூசி துளியும் இல்லாமல் கழுவிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கலவை தரையைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும்.

விரிசலை விரலால் தடவிப் பார்ப்பார். இரண்டு கரையும் ஏறி இறங்கியிருந்தால் அடியில் மண் அமுங்கியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் மூடினால் அதே கோடு டைல்ஸிலும் வரும்.

கடைசியில் டியூப் மட்டம். குழாய்த் தண்ணீரில் ஒரு குமிழி தங்கினாலும் மட்டம் தப்பும் என்பதால் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் சுவரில் குறி போடுவார். குறிக்குக் குறி நூல் கட்டி, நூலிலிருந்து தரைக்கு அளப்பார். 2 அடிக்கு 2 அடி டைல்ஸைப் பசையில் ஒட்டுவதானால், 10 அடி நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் ஆகாது. குளியலறைக்கு மட்டும் மட்டம் உதவாது, வடிகாலை நோக்கி வாட்டம் வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்த வேலை வந்தால், கொத்துக்கும் மட்டத்துக்கும் தனியாக ஒரு நாள் கூலி கொடுங்கள். அன்றைக்கே டைல்ஸ் போட்டாக வேண்டும் என்று மேஸ்திரியை விரட்டாதீர்கள்.