டயர் செருப்பும் 'பார்ன் டு ரன்'னும்

கிறிஸ்டோஃபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' 2009ல் வந்தது. இத்தனை வருஷம் கழித்தும் ஓட்டக்காரர்கள் நடுவில் அதற்கு வேதப்புத்தகத்தின் மரியாதை. எங்கள் பக்கத்து வாட்ஸப் குரூப்பில் ஒருத்தருக்கு முட்டிவலி என்றால் போதும், "ஷூவைக் கழற்றிப் போடுங்க சார், அந்தப் புக்கைப் படிங்க"ன்னு இன்னொருத்தர் கட்டாயம் சொல்வார். நான் ரெண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஒரே ராத்திரியில், ரெண்டாவது தடவை கையில் பென்சிலோடு. பென்சில் கோடு விழுந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ஓடினால் பாதம் வலிக்கும் ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர், ஏன் வலிக்கிறது என்று தேடிக்கொண்டு மெக்சிகோவின் காப்பர் கேன்யன் மலைப் பள்ளத்தாக்குகளுக்குப் போகிறார். அங்கே இருப்பவர்கள் ராராமுரி மக்கள். வெளியார் அவர்களைத் தாராஹுமாரா என்பார்கள். நூறு கிலோமீட்டரைச் சிரித்துக்கொண்டே ஓடுகிறவர்கள் என்று பேர் வாங்கியவர்கள். அவர்களோடு வாழும் 'கபாயோ பிளாங்கோ' (வெள்ளைக்குதிரை) என்ற அமெரிக்கர் 2006ல் அங்கேயே ஒரு 50 மைல் பந்தயம் நடத்துகிறார். அமெரிக்காவின் பெரிய அல்ட்ரா ஓட்டக்காரர் ஸ்காட் ஜூரெக் அதில் ஓடி, அர்னுல்ஃபோ என்ற ராராமுரியிடம் தோற்கிறார். கதைக்கு நடுவே ரெண்டு வாதங்கள். மனித உடம்பே நெடுந்தூரம் ஓடுவதற்காக உருவானது என்பது ஒன்று. மெத்தை வைத்த ஷூதான் நம் கால்களைக் கெடுத்தது என்பது இன்னொன்று.

பந்தயத்தை எழுதுவதில் மெக்டூகல் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி அத்தியாயங்களைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் ஓடப் போகாதவர் அபூர்வம். ஓட்டம் என்றாலே தண்டனை, எடைக்குறைப்பு, டாக்டர் உத்தரவு என்று இருந்த பேச்சை அவர் சந்தோஷத்தின் பக்கம் திருப்பினார். அது பெரிய காரியம்.

என் பென்சில் முதலில் நின்றது செருப்பில். வெறுங்கால் இயக்கத்துக்கே கொடி பிடித்த புத்தகம் இது. ஆனால் அதில் வரும் ராராமுரிகள் வெறுங்காலில் ஓடவில்லை. பழைய டயரை வெட்டி, தோல்வார் கட்டி, செருப்பாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். மெக்டூகல் இதை மறைக்கவில்லை, விவரமாகவே எழுதுகிறார். 1993ல் கொலராடோவின் லெட்வில் 100 மைல் பந்தயத்துக்கு வந்தவர்கள், ஸ்பான்சர் கொடுத்த ஷூவைத் தள்ளிவிட்டு அந்த ஊர்க் குப்பைமேட்டில் டயர் பொறுக்கிச் செருப்பு செய்துகொண்டார்கள் என்கிறார். அந்த வருஷம் ஜெயித்த விக்டோரியானோவுக்கு வயது 55.

டயர் செருப்பு நமக்குத் தெரியாத சாமானா? லாரி டயரில் வெட்டிய செருப்பு கரிசல் காட்டில் ஒரு தலைமுறையின் காலணி. ஒரு ஜோடி வாங்கினால் வருஷக்கணக்கில் தேயாது. அதைப் போட்டவர்கள் பாதத்தின் இயல்பான அசைவுக்காகப் போடவில்லை. விலை குறைவு, அதோடு சீமைக்கருவேல முள் ஏறாது. நான் காலையில் ஓடுவது வைப்பாற்றங்கரைப் பக்கம். ஒரு சென்டிமீட்டர் ரப்பரையும் துளைத்து உள்ளே வரும் அந்த முள். ஐப்பசி மழை பெய்துவிட்டாலோ கரிசல் மண் ஷூவின் அடியில் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடின மாதிரி இருக்கும். காலணி இல்லாத ஓட்டம் எவ்வளவு இயற்கையானது என்று ஒருத்தர் சொல்லும்போது, எந்த ஊர் மண்ணில் என்று கேட்கத் தோன்றுகிறது.

இதைவிடப் பெரிய விஷயம், வெறுங்கால் என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இருக்கும் அர்த்தங்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து வருகிற ஜனங்களைப் பார்த்திருப்பீர்கள். எத்தனையோ கிலோமீட்டர் தள்ளியிருந்து தார்ச்சாலையில் வெறுங்காலோடு வருவார்கள். அது நேர்த்திக்கடன். பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிற அறைக்குள் ஆணி அடித்த செருப்போடு போகக்கூடாது, ஒரு சின்ன உராய்வு போதும். அது உயிர்ப்பயம். போலீஸ் செலக்‌ஷனுக்கு விடியுமுன்னே மைதானத்தில் ஓடும் பையன்களில் சிலர் வெறுங்காலில் ஓடுவார்கள். அது கையில் காசில்லாதது. 

நாலாவதாக ஒன்று இருக்கிறது. தென்மாவட்டங்களில் தலித் மக்கள் ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும் என்று வைத்திருந்தார்கள். தாத்தா காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது, இந்த நூற்றாண்டிலும் இதைப் பற்றிய புகார்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அந்தத் தெருவில் முதல் தடவை செருப்புக் காலோடு நடந்தவருக்குத்தான் அது விடுதலை. அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, ஷூவைக் கழற்று, அடிமைத்தனம் போய்விடும் என்ற பிரசங்கத்தைப் படித்தால் கொஞ்சம் கசக்கத்தான் செய்கிறது. கழற்றுவது சுகமாக இருக்க வேண்டுமென்றால், முதலில் போட்டுக்கொள்ள உரிமை இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காக்காரருக்கு நம்ம ஊர்ச் சாதி தெரியணுமா என்று கேட்பீர்கள். தேவையில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த ஊரிலேயே இதே கேள்வி இருந்தது. ராராமுரிகள் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் ஒதுங்கியதே ஸ்பானியர்களிடமிருந்து தப்பித்துத்தான். வறட்சி, போதைக் கடத்தல் கும்பல்கள், உள்ளே வரும் ரோடு எல்லாம் புத்தகத்தில் வருகின்றன. வந்து, பின்னணி இசை மாதிரிப் போய்விடுகின்றன. அர்னுல்ஃபோ ஜெயிக்கிறார், ஆனால் அவர் பேசி நம் நினைவில் நிற்கிற மாதிரி ஒரு பக்கம்கூட இல்லை. பேசுவதெல்லாம் வெள்ளைக்குதிரையும் 'பேர்ஃபுட் டெட்'டும். அவர்கள் பேசி முடிப்பதாகவும் இல்லை! ஜெயித்த மனிதர் ஒரு சித்தாந்தத்துக்குச் சாட்சியாக மட்டும் நிற்கிறார். அவருக்கு ஒரு நல்ல ஷூ வேண்டும் என்று ஆசை இருந்ததா? மெக்டூகல் கேட்கவில்லை.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் மெக்டூகலின் விஞ்ஞான நாயகரே என்பது சுவாரசியம். ஹார்வர்டின் டேனியல் லிபர்மன், டென்னிஸ் பிராம்பிளோடு சேர்ந்து 2004ல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரைதான் 'ஓடப் பிறந்தவன்' என்ற வாதத்தின் அஸ்திவாரம். அதே லிபர்மன் 2020ல் வேறு சிலரோடு சேர்ந்து ராராமுரி ஓட்டத்தைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வு வெளியிட்டார். நாகரிகத்தால் கெடாத காட்டுவாசி என்பதாலேயே ஒருவன் பிறவி விளையாட்டு வீரனாக இருப்பான் என்ற நம்பிக்கையைப் பிழை என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். ராராமுரிகளின் பந்துப் பந்தயத்தில் பிரார்த்தனை உண்டு, பந்தயப் பணம் உண்டு, ஊர் மானம் உண்டு. அவர்களுக்கு அந்தத் தெம்பு வருவது ரகசியத்திலிருந்து அல்ல, மலை ஏறி இறங்கிச் செய்யும் அன்றாட வேலையிலிருந்து. நம்ம பாதயாத்திரைக்காரர்களை யாரும் அல்ட்ரா வீரர்கள் என்று எழுதுவதில்லை. எழுதினால் அவர்களே சிரிப்பார்கள்.

பாதம் தரையில் எப்படிப் படவேண்டும் என்ற விவகாரமும் அப்படித்தான். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் அதிர்ச்சி குறைவு என்று லிபர்மன் குழு 2010ல் காட்டியது. 2013ல் வட கென்யாவின் டாசானச் மக்களை அளந்து பார்த்தவர்களுக்கு வேறு விடை கிடைத்தது. காலமெல்லாம் செருப்பில்லாமல் நடந்தவர்கள், ஆனால் நிதான வேகத்தில் ஓடும்போது பெரும்பாலும் குதிகாலில்தான் இறங்கினார்கள். அதே வருஷம் வந்த இன்னொரு ஆய்வில், வழக்கமான ஷூவிலிருந்து பத்து வாரத்தில் ஐந்துவிரல் ஷூவுக்கு மாறியவர்களில் பாதிப் பேருக்கு மேல் பாத எலும்புக்குள் நீர்கோத்திருந்தது. அந்த ஷூவைச் செய்த விப்ரம் கம்பெனி, உடம்புக்கு நல்லது என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாகப் போட்ட வழக்கில், தப்பை ஒத்துக்கொள்ளாமலே 2014ல் 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமானது. வாட்ஸப் குரூப்பில் இந்தச் செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

வெறுங்கால் புராணத்தில் முதல் சாமி எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் செருப்பில்லாமல் ஓடி 2:15:16ல் மாரத்தானை ஜெயித்தார். கிடைத்த ஷூ காலுக்குச் சரியாக அமையவில்லை என்பது அதன் பின்கதை. நாலு வருஷம் கழித்து டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடினார். நேரம் 2:12:11, அன்றைக்கு அதுதான் உலகத்திலேயே வேகமான மாரத்தான். ரோம் படம்தான் சுவரில் தொங்குகிறது, டோக்கியோ படத்தை யாரும் தேடுவதில்லை. நம் நாட்டிலும் ஷிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடப் பேர்போனவர். 1978ல் ஜலந்தரில் அவர் வைத்த 2:12:00 நாற்பது வருஷத்துக்கு மேல் தேசியச் சாதனையாக நின்றது. அதை இயற்கை ஓட்டத்தின் மகிமை என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கென்னவோ, அத்தனை வருஷம் அது உடையாததை நம் தொலைதூர ஓட்டத்தின் நிலைமைக்குச் சான்றாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

பக்கத்திலேயே ஒரு உதாரணம், மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி. அவர் ஓடுவது 400 மீட்டர், தொலைதூரம் இல்லை. பாட்டி வளர்த்த பெண். ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலில் ஓடியவர், பயிற்சியாளரின் உதவியோடு டோக்கியோ ஒலிம்பிக் தொடர் ஓட்டம் வரை போனார். அவர் கதையில் ஷூ யாரும் மாட்டிவிட்ட விலங்காக வரவில்லை.

சரி, ஷூ கம்பெனிகளை நான் தாங்கிப் பிடிக்கிறேனா என்றால், அதுவும் இல்லை. வியாபாரிகள் மேல் மெக்டூகல் பட்ட கோபம் நியாயமானது. அந்த வியாபாரிகள் அவரையும் விழுங்கிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. முதலில் மெல்லிசு ஷூ விற்றார்கள். அந்த மோகம் அடங்கியதும் 2017ல் நைக்கி, தடித்த நுரைக்குள் கார்பன் தகடு வைத்த ஷூவை இறக்கியது. அடிப்பாகத்தின் தடிமன் ஏறிக்கொண்டே போனதால், 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று 2020ல் உலகத் தடகளச் சங்கம் விதி போட வேண்டியதாயிற்று. இங்கே அந்த மாதிரி ஷூ ஒரு ஜோடி 20,000 ரூபாயைத் தாண்டுகிறது. அரை மாரத்தானை ரெண்டே கால் மணி நேரத்தில் முடிக்கிற நாமும் அதைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். விடியற்காலையில் நாம் ஓடும் அதே ரோட்டில், ஆலை வேனுக்காகத் தூக்குச்சட்டியோடு நிற்கிற அக்காக்கள் நம் காலைப் பார்ப்பார்கள். என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஓரளவு ஊகிக்க முடிகிறது.

ஆகவே, சந்தோஷத்துக்காக ஓடுவது என்று நாம் பேசும்போது அது யாருக்கு வாய்க்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அந்த மைதானத்துப் பையன்களுக்கு ஓட்டம் என்பது 1500 மீட்டர், 7 நிமிஷம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு அதுதான் கணக்கு. ஏழு நிமிஷத்துக்குள் வந்தால் அடுத்த கட்டம், ஒரு வினாடி தாண்டினால் மறுபடியும் தீப்பெட்டி ஆபீஸோ பட்டாசு ஆலையோ. அவர்களிடம் போய் ஓட்டம் மனிதனின் ஆதி ஆனந்தம் என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அவர்களுக்குள்ளும் அது இருக்கத்தான் செய்கிறது. ஏழு நிமிஷ ஓட்டம் முடிந்தபிறகு, யாரும் சொல்லாமலே, ஒருத்தனை ஒருத்தன் விரட்டிக்கொண்டு இன்னொரு சுற்று சும்மா ஓடுவார்கள். மெக்டூகல் சொன்னதில் உண்மையான பாகம் அதுதான். அதைச் சொல்ல மெக்சிகோ வரை போயிருக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசியிருந்தால் போதும்.

புதிதாக வாசிக்கப் போகிறவர்களுக்கு: லெட்வில் பந்தயம் வரும் அத்தியாயங்களையும் கடைசிப் பந்தயத்தையும் விடாதீர்கள். நடுவில் ஷூவைத் திட்டும் அத்தியாயத்தைப் படித்தால், கையோடு அந்த 2020 ஆய்வையும் படியுங்கள். முட்டிவலிக்கு எலும்பு டாக்டரைப் பாருங்கள். வைப்பாற்றங்கரைப் பக்கம் வருவதாக இருந்தால் அடி தடித்த ஷூவே போட்டு வாருங்கள், முள் அப்படி.