குமாரசுவாமியின் கைவினைஞனும் செட்டியார் தெருப் பொற்பணியும்

இயற்கையிலும் கலையிலும் உள்ளந்தோய்ந்து தலைமுறை தலைமுறையாக அணிகலன் ஆக்கும் குடும்பத்தார் என்று தம்மைக் கூறிக்கொள்ளும் நகை வணிகர் உலகெங்கும் உளர். கொழும்பிலும், செட்டியார் தெரு முதல் வெள்ளவத்தைக் காலி வீதி வரை, தந்தை தொடங்கிய கடையை மைந்தரும் மைந்தர் வளர்த்த கடையைப் பேரரும் நடத்திவருதல் வழக்காறாயுள்ளது. இவ்வணிகர் கூற்றினுள் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. நகையின் வடிவம் இயற்கையிலிருந்து வருகின்றது என்பது ஒன்று. அவ்வடிவத்தைக் காத்து நிற்பது குடும்பம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் எத்துணை மாற்றுடையன என்று காண்டற்குக் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் நூல்களே தக்க உரைகல்லாகும். ஆயினும் அவ்வுரைகல்லினையுமே ஒருகால் சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். சேர் முத்துக்குமாரசுவாமி அவர்தம் தந்தையார். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் அவருக்கு அத்தை மைந்தர். இங்கிலாந்திலே வளர்ந்து நிலவியல் கற்றுத் திரும்பிய அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதலாவது இயக்குநராகப் பணியாற்றினார். கல்லை ஆராய வந்தவர் கல்லிழைத்த நகையையும் அதனை இழைத்த கையையும் ஆராயத் தலைப்பட்டமை இலங்கைக் கலை வரலாற்றிற்கு வாய்த்த நற்பேறாகும். அதன் பயனாக எழுந்ததே 1908 ஆம் ஆண்டு வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் தம் கெல்ம்ஸ்கொட் அச்சகத்திற் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலே குமாரசுவாமி தம் மேற்பார்வையில் அதனை அச்சிடுவித்தார். வெளிவந்த படிகள் 425 மாத்திரமே.

அந்நூல் அச்சேறிய இடம் இங்கிலாந்தின் புரோட் காம்டன் என்னும் சிற்றூர். அதற்கு அணித்தாயுள்ள சிப்பிங் காம்டனிலேதான் சி. ஆர். ஆஷ்பி என்பார் நிறுவிய கைவினைஞர் கழகம் 1902 முதல் இயங்கிவந்தது. வெள்ளியிலும் பொன்னிலும் நிறக்கற்களிலும் மயிலையும் மலரையும் அமைத்து நகை செய்தவர்கள் அக்கழகத்தார். குமாரசுவாமியின் முதல் மனைவியாராகிய எதெலின் உடன்பிறந்தாரான பிரெட் பாட்றிட்ஜ் அங்கே பொற்பணி புரிந்தவர். எனவே, கைவினைஞனைப் பற்றிய குமாரசுவாமியின் கருத்து ஏட்டறிவால் மாத்திரம் எழுந்ததன்று. கண்டியக் கம்மாளரின் குடிசையையும் ஆங்கிலப் பொற்கொல்லரின் பட்டறையையும் அவர் அருகிருந்தே கண்டவர்.

வடிவம் பற்றிய வினாவை முதலில் நோக்கலாம். மேனாட்டிலே இயற்கையை நகையில் வடித்தோருள் தலைசிறந்தவர் பிரான்சு நாட்டு றெனே லலீக் (1860–1945). அவர் 1897–98 அளவிற் செய்த தும்பிப் பெண் என்னும் மார்பணி இன்று லிஸ்பன் நகரக் குல்பெங்கியன் அரும்பொருளகத்தில் உள்ளது. தும்பியின் வாயிலிருந்து பெண்ணுருவம் எழுகின்றது. சிறகுகளில் ஒளி ஊடுருவும் வண்ணப்பூச்சு. தும்பியொன்றைப் பிடித்து வைத்து நெடும்பொழுது நோக்கிய கண்ணின் செயல் அது. அதனைக் கண்டபின் மாங்காய் மாலை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பார்க்கு வேறுபாடு நன்கு விளங்கும். மாலையிலுள்ள மாங்காய் எந்த மரத்து மாங்காய்? மாங்காய்க்கு நிறம் பச்சை, பழுத்தால் மஞ்சள். மாலையிலோ அது செங்கற்களால் நிறைந்திருக்கின்றது. ஒன்றுபோல் ஒன்று அளவொத்த காய்கள் எந்தக் கொப்பிலும் காய்ப்பதில்லை. ஆயினும், காண்போர் எவரும் அதனை மாங்காய் அன்றென்று மறுப்பதில்லை. நுனியின் வளைவு ஒன்றே போதும்.

சடைநாகமும் அத்தகையதே. பின்னலின் உச்சியிலே படம் விரித்த நாகம், அதன்கீழ்த் தாழம்பூ, பின்னர்ச் சிறுத்துச் சிறுத்து இறங்கும் மலர்வரிசை, ஈற்றிலே குஞ்சம். தாழம்புதரிற் பாம்பு உறையும் என்பது தமிழ் நாட்டார் நம்பிக்கை. நகை செய்வோன் அந்த நம்பிக்கையைச் செய்கின்றானேயன்றி ஒரு பாம்பையோ ஒரு பூவையோ செய்கின்றானல்லன். மரபுவழிக் கலைஞன் இயற்கையைப் பார்த்து எழுதுவதில்லை, உள்ளத்தே பதிந்த வடிவத்தை எடுத்து வழங்குகின்றான் என்று குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தி வந்ததன் பொருள் இதுவே. கண்டியக் கலையிற் கொடிக்கருக்காகிய லியவெலவும், கொடியே பெண்ணாகும் நாரிலதாவும் இவ்வழிப்பட்டனவே. நாரிலதாவை எந்தக் காட்டிலும் எவரும் கண்டதில்லை. ஆதலின், இயற்கையிலிருந்து நேரே பெற்றோம் என்னும் வணிகர் கூற்று லலீக்கிற்குப் பொருந்துமேயன்றி மாங்காய் மாலைக்குப் பொருந்தாது. இப்பகுதியில் குமாரசுவாமியின் உரைகல் பழுதற்றது.

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும் இதற்குச் சான்று பகரும். பொன்னம்பல முதலியார் எடுப்பித்த அக்கோயிலை அவர் மைந்தர் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கருங்கல்லாற் புதுக்கிக் கட்டுவித்தார். செட்டியார் தெருவிலிருந்து நடந்து செல்லக்கூடிய தொலைவிலுள்ள அதன் தூண்களிலே தாமரையும் கொடியும் யாளியும் கல்லில் நிற்கின்றன. கொட்டாஞ்சேனையில் வாழும் பொற்பணியாளன் தாமரை செதுக்கக் குளக்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை.

இனி, குடும்பம் பற்றிய வினா. இதுவே கடினமானது. 1909 ஆம் ஆண்டு வெளிவந்த ‘இந்தியக் கைவினைஞன்’ என்னும் சிறுநூலிலே குமாரசுவாமி குலவழித் தொழிலைப் பெரிதும் போற்றினார். மைந்தன் தந்தையின் பட்டறையிலேயே பயில்கின்றான். தொழிலும் ஒழுக்கமும் ஒருங்கே கைவருகின்றன. பள்ளியிற் கற்கும் தொழிற்கல்விக்கு இப்பேறு இல்லை என்பது அவர் துணிபு. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் ஆஷ்பி. அவரது கழகம் சிதைந்த வேளை அது. இலண்டன் லிபர்ட்டி நிறுவனம் பொறியின் துணையால் அத்தகைய அணிகலன்களையே மலிவாக விற்றமை அச்சிதைவிற்குரிய காரணங்களுள் ஒன்று. தம் கண்முன் ஒரு கழகம் வீழக் கண்டவர்க்குக் கீழைத்தேயத்துக் குடும்பப் பட்டறை அசையாத மலையெனத் தோன்றியிருத்தல் வியப்பன்று.

ஆனால், செட்டியார் தெருவிற் குடும்பம் என்பது ஒன்றன்று, இரண்டு. கடை உடையார் குடும்பம் ஒன்று. நகை செய்வார் குடும்பம் மற்றொன்று. பெயர்ப்பலகையில் இருப்பது முன்னையது. அத்தெரு முதலிற் பேர்பெற்றது வட்டித் தொழில் புரிந்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாராலும், ஆடிவேல் புறப்படும் அவர்தம் கதிரேசன் கோயில்களாலும் ஆகும். நகைக்கடைகள் பெருகியது பின்னரே. கடைகளின் பின்புறத்தும் மாடிகளிலும் அயல் ஒழுங்கைகளிலும் பத்தர்கள் குறடும் சுத்தியலும் கம்பியச்சும் ஊதுகுழலுமாக அமர்ந்து தொழில் செய்வர். பொன் கடைக்காரருடையது; கை பத்தருடையது. நிறுத்துக் கொடுத்த பொன்னை நிறுத்தே திரும்பப் பெறுவர்; இடையிற் குறைந்தது சேதாரம், உழைப்பிற்குக் கிடைப்பது செய்கூலி. இரண்டு துண்டுகளைப் பொருத்துதற்குப் பற்றாசுப் பொடியை வைத்து ஊதும்போது ஒரு மூச்சு மிகுந்தால் இதழ் உருகிவிடும், குறைந்தாற் பொருந்தாது. பொடி வைத்துப் பேசுதல் என்னும் தமிழ் வழக்கு இத்தொழிலின் நுட்பத்திலிருந்து பிறந்தது என்பர். வடிவத்தைக் காக்கும் அறிவு அந்த மூச்சிலே இருக்கின்றது, கல்லாப்பெட்டியில் இல்லை.

கடைக்காரர் குடும்பத்தின் பங்கு சிறிதென்பது இதனாற் பெறப்படும் கருத்தன்று. முதலிடுதலும், வாங்குவோர் விருப்பறிதலும், நம்பிக்கை காத்தலும் எளிய செயல்களல்ல. 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்திலே கொழும்பில் தமிழர் கடைகளும் இல்லங்களும் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டபோது, மீண்டும் வந்து கதவு திறந்தோரின் துணிவு மதிக்கற்பாலது. ஆயினும், சாம்பலான கடை மீண்டும் எழலாம். கடல் கடந்து சென்ற ஒரு பத்தரின் கை மீண்டும் அதே இருக்கைக்கு வருதல் அரிது. முன்னைய இழப்பைக் கணக்கிட்டார் பலர். பின்னையதைக் கணக்கிட்டார் யாருமிலர்.

குமாரசுவாமி இவ்விரு குடும்பங்களையும் பிரித்து நோக்காமைக்குக் காரணம் அவர் எடுத்துக்கொண்ட பொருளிலேயே உண்டு. கண்டி மன்னரின் நான்கு பட்டறைகளாகிய பட்டல்ஹத்தரவைச் சேர்ந்த கம்மாளர் தம் தொழிலுக்காக நிலம் பெற்றிருந்தனர். உழுதுண்ண வயலிருந்தமையால் ஒரு பிடியைச் செதுக்க ஒரு திங்கள் எடுத்துக்கொள்ள அவர்க்கு இயன்றது. இதனை அந்நூலே விரிவாக எடுத்துரைக்கின்றது. ஆயின் ‘இந்தியக் கைவினைஞன்’ எழுதும்போது அவர் வயலை மறந்து குலத்தை மாத்திரம் நினைவில் வைத்துக்கொண்டார் என்றே சொல்லத் தோன்றுகின்றது. செட்டியார் தெருப் பத்தருக்கு வயல் இல்லை. முடித்த உருப்படிக்குக் கூலி உண்டு, அவ்வளவே. அவர் மகன் பள்ளிக்குச் சென்று வேறு தொழில் நாடினால் அதனை மரபின் வீழ்ச்சி என்று இரங்குதல் நீதியாகாது. பிறப்பினாற் தொழில் வரையறுக்கப்பட்ட காலத்தின் கொடுமையைக் குமாரசுவாமி போதிய அளவு எண்ணினாரல்லர். போற்றியவர் அப்பிறப்பிற் பிறந்தவருமல்லர்.

இதனினும் ஆழமானது பெயரின்மை பற்றிய அவர் கொள்கை. மரபுவழிக் கலைஞன் தன் பெயரைப் பொறிப்பதில்லை. அத்தன்னடக்கமே அவன் கலைக்கு உயிர் என்பர் குமாரசுவாமி. கேட்பதற்கு இனிய கருத்து. ஆனால் யாழ்ப்பாணத்துப் பொன்னுருக்கலை எண்ணிப் பார்க்க வேண்டும். திருமணத்திற்கு முன் நன்னாளிலே மணமகன் இல்லத்திற்குப் பத்தரை அழைத்து, நிறைகுடமும் விளக்கும் வைத்து, சுற்றத்தார் சூழ்ந்திருக்கத் தாலிக்குரிய பொன்னை உருக்குவிப்பர். உருக்கியவர்க்குத் தட்சிணை உண்டு, மரியாதை உண்டு. தாலியிலே அவர் பெயர் இல்லைதான். ஆனால் அதனைச் செய்தவர் இன்னார் என்பது வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் தெரியும். கழுத்தில் அணிந்தவளுக்கு முதுமையிலும் தெரியும். அங்கே பெயர் பொறியாமைக்குக் காரணம், பொறிக்க வேண்டிய தேவை இன்மையே. கொழும்பிலே நகைக்கடைகளிலேயே பொன்னுருக்கல் நிகழ்வதும் உண்டு. நாணயமொன்று உருகும், புகைப்படம் எடுக்கப்படும், உருக்கியவர் யாரென்று எவரும் கேளார். ஊர் அறிந்த பெயரின்மையும் கடை மறைத்த பெயரின்மையும் ஒன்றல்ல. குமாரசுவாமியின் கொள்கை இவ்விரண்டனையும் ஒன்றாக்கிவிடுகின்றது. அவர் போற்றிய தன்னடக்கம் வணிகர்க்கு வசதியாய் அமைந்துவிட்டது.

தமிழிலக்கியமும் இவ்வகையிற் குற்றமற்றதன்று. சிலப்பதிகாரத்திலே பொற்கொல்லன் வஞ்சகனாக வருகின்றான். கண்ணகியின் சிலம்பிலே மாணிக்கப் பரலையும் பாண்டிமாதேவியின் சிலம்பிலே முத்துப் பரலையும் இட்டுப் புறத்தே வேறுபாடு தோன்றாது முடித்த கைகள் யாருடையன என்று காப்பியம் கூறவில்லை. களவு செய்தவன் நினைவில் நின்றான், கலை செய்தவர் மறைந்தனர்.

இன்று வடிவத்தின் நிலை யாது? 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியிலே ஒரு டொலருக்கு 200 ரூபாயளவில் நின்ற இலங்கை நாணயம் 360 வரை வீழ்ந்தபோது பொன் விலை அதனோடு ஏறியது. ஏறிய விலை மாங்காயைத்தான் முதலிற் தாக்கும். தகடு மெலியும்; உட்புறம் பொள்ளலாகும்; செதுக்கு வேலை ஆழமிழந்து அச்சடிப்பாகும். கணினியில் வரைந்து மெழுகில் வார்த்து எடுக்கும் முறையில் ஆயிரம் மாங்காய்கள் மயிரிழையும் பிசகாது பிறக்கின்றன. நுனி வளைவு அவற்றிலும் உண்டு. ஆனால் கையால் வளைத்த நுனி முடிவிற் சற்றே தயங்கித் திரும்பும். அத்தயக்கம் அச்சில் வருவதில்லை. நடன அரங்கேற்றத்திற்குரிய அணிகளிலே இன்னும் அவ்வேலையைக் காணலாம். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருப்பது ஓரளவு நன்று. எனினும் அக்குறியீடும் ஊரைச் சொல்லுகின்றதேயன்றி ஆளைச் சொல்லவில்லை.

இங்கிலாந்திலே 1363 ஆம் ஆண்டுச் சட்டம் பொற்கொல்லன் ஒவ்வொருவனும் தனக்கென ஓர் இலச்சினை வைத்திருத்தல் வேண்டும் என விதித்தது. மாற்றுக் குறைந்தால் ஆளைப் பிடித்தற்கு எழுந்த அவ்விதியே, நூற்றாண்டுகள் கழிந்தபின் இன்னார் செய்தது இதுவென்று அறிதற்கும் வழியாயிற்று. வெள்ளவத்தையில் வாங்கும் வளையலின் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் 916 என்னும் எண்ணும், அருகே கடையின் எழுத்துக்களும் இருக்கும். மூன்றாவதாக ஓரெழுத்துப் பொறிக்க அங்கே இடம் உண்டு.