பத்தொன்பது லிட்டர் இஞ்சி சோடா

போன சித்திரையில் எங்கள் திருவொற்றியூர் வீட்டில் இரண்டு பாட்டில் வெடித்தது. இஞ்சிச் சாறு, எலுமிச்சை, சர்க்கரை கலந்து சிட்டிகை ஈஸ்ட் போட்டு மூடினால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கேஸ் உண்டாக்கும். ஊட்டியில் அதற்கு நாலைந்து நாள் ஆகலாம். இங்கே அடிக்கிற வெயிலில் ஒரே ராத்திரி. காலையில் அம்மா அரிசிச் சல்லடையிலிருந்து கண்ணாடிச் சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தார். வடசென்னையில் சோடா பாட்டில் உடைவது சினிமாவோடு போகட்டும் என்று அன்றைக்கே முடிவாயிற்று.

அப்புறம் வாங்கியதுதான் இந்த கெக். 19 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பீப்பாய், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய், டேப். ஆறு மாதமாக ஓடுகிறது. கொடுத்த காசுக்குச் சுமாரான ஃபிரிட்ஜ் ஒன்று வந்திருக்கும்.

கெக் என்றதும் பீர்தான் ஞாபகம் வரும். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பாட்டில் கழுவிச் சலித்துப்போய் இதற்கு மாறுவார்கள். நமக்கு அந்தப் பேச்சே கிடையாது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் பீர் காய்ச்சுவது குற்றம். ஆனால் இந்தப் பீப்பாய் பிறந்ததே கலருக்காக. பெப்சி, கோகோ கோலா விற்கும் கடைகளுக்கு சிரப் அனுப்ப அமெரிக்காவில் கார்னீலியஸ் என்ற நிறுவனம் செய்தது. ‘கார்னி கெக்’ என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. சிரப் அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையாக வரத் தொடங்கியதும், கழித்துப் போட்டதை பீர்க்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள். நான் அதைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தலையில் இரண்டு மூக்கு. ஒன்றில் கேஸ் உள்ளே போகும். இன்னொன்றிலிருந்து அடிவரை நீளும் குழாய் வழியாகச் சரக்கு மேலே வரும். ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை. குளிர்ச்சிதான் எல்லாம். சோடா மூக்கில் சுர்ரென்று ஏற வேண்டுமானால் தண்ணீரின் அளவைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கேஸ் அதில் கரைய வேண்டும். 4 டிகிரியில் அதற்கு 25 பிஎஸ்ஐ அழுத்தம் போதும்; 30 டிகிரியில் 75 வரை ஏற்றியாக வேண்டும். தனியாக ஒரு பழைய ஃபிரிட்ஜ் இல்லாதவர் இதை வாங்கவே வேண்டாம். நான் தட்டுகளையும் காய்கறி டப்பாவையும் கழற்றிவிட்டு உள்ளே நிறுத்தியிருக்கிறேன்.

முதல் சிலிண்டர் மூன்றே நாளில் காலி. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சாரியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர் வந்து பார்த்தார். சோப்பு நுரையை விரலால் தடவினார். ரெகுலேட்டர் மாட்டும் இடத்தில் குமிழ் குமிழாக எழும்பியது. “இன்னா சார், வாசர் போடாமயே மாட்டிகினியா?” நாலணா பெறாத நைலான் வாஷர். இப்போது மாட்டும் ஒவ்வொரு தடவையும் சோப்பு நுரை.

பட்டறை பக்கத்தில் இருக்கிறதே என்று வெல்டிங் கேஸை வாங்கி மாட்டிவிடாதீர்கள். உணவுத் தரம் என்று கேட்டே வாங்குங்கள். மிச்சம் எவ்வளவு என்பதில் ரெகுலேட்டர் முள்ளை நம்ப வேண்டாம். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் அசையாது, தீரும் தறுவாயில் தடாலென்று விழும். 31 டிகிரிக்கு மேல் போனால் கார்பன் டை ஆக்சைடில் திரவம் என்ற நிலையே கிடையாது, அதனால் நம்ம ஊர் மே மாதத்தில் முள் காட்டும் கணக்கு இன்னும் குழப்பம். சமையல் கேஸைத் தூக்கிப் பார்ப்பதுபோல எடை போடுவதுதான் வழி. அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும். கசிந்தால் இந்த கேஸ் தரையோடு தங்கிவிடும்.

முதல் டம்ளர் முழுக்க நுரை. கூட வந்த குழாய் ஒன்றரை மீட்டர்தான். அழுத்தம் குழாய்க்குள் உரசி உரசிக் குறைந்தால்தான் சோடா நிதானமாக இறங்கும். மெல்லிய குழாய் ஏழு மீட்டர் வாங்கிச் சுருட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்த பிறகு சரியாயிற்று. இதை விற்பவர்களே சொல்லியிருக்கலாம்.

லாபம் கழுவுவதில். ஒரு பீப்பாய் என்றால் அரை லிட்டர் பாட்டில் 38. அத்தனைக்கும் பிரஷ் விட்டுக் கழுவிய கை இப்போது ஒரே ஒரு பாத்திரத்தைக் கழுவுகிறது. குறை, ரப்பர் வளையங்கள். பன்னீர் சோடா போட்டேன். அடுத்துப் போட்ட வெறும் சோடாவும் இரண்டு வாரம் கல்யாண வீடு மாதிரி மணத்தது. பன்னீருக்குத் தனி வளையம் வாங்கி வைத்துவிட்டேன்.

வெளியே கொண்டுபோனால் பாட்டில்தான் ராஜா. ராயபுரத்தில் ஒரு வளைகாப்புக்கு இதை ஆட்டோவில் ஏற்றி, காசிமேட்டு ஐஸை அண்டாவில் கொட்டி நடுவில் நிறுத்தினேன். வழியெல்லாம் குலுங்கியதில் ஒரு மணி நேரம் நுரைதான் வந்தது. கோலி சோடாவுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. 1870-களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த பாட்டில் அது. உள்ளே இருக்கும் கேஸே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். மூடியும் வேண்டாம், ஃபிரிட்ஜும் வேண்டாம்.

பெரியப்பா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். “தொறக்கறப்போ சத்தம் வரணும்பா.” அவருக்காக ஆறு பாட்டிலை எறியாமல் வைத்திருக்கிறேன். முதல்நாளே ஃபிரிட்ஜில் குளிரவைத்து, கெக்கிலிருந்து மெதுவாக அடிவரை குழாய் விட்டு நிரப்பி, உடனே மூடிவிடுவேன். ஈஸ்ட் போடாததால் முன்புபோல உள்ளே அழுத்தம் வேகமாக ஏறாது. அம்மாவும் பக்கத்திலேயே அரிசி சலிக்கிறார்.