மெல்லிசை பற்றிய எழுத்தும் அதன் மொழியும்: பாலக்காடு, இடுக்கி எல்லையிலிருந்து ஒரு திறனாய்வு

1. முன்னுரை

வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்டத்தை ஒட்டி அமைந்த எல்லை ஊர். சோதனைச் சாவடிக்கு இருபுறமும் தமிழ் வழங்குகிறது. மேற்கே செல்லச் செல்ல மலையாளம் மிகுகிறது. தமிழ்த் திரையிசைக்கு இவ்வட்டாரம் அளித்த கொடை பெரிது. எம்.எஸ். விசுவநாதன் 1928இல் எலப்புள்ளியில் பிறந்தார். பி. லீலா சித்தூரில் பிறந்தவர். 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருதைக் ‘கருத்தம்மா’ படப் பாடலுக்காகப் பெற்ற சுவர்ணலதாவும் சித்தூர்ப் பகுதியைச் சேர்ந்தவரே. அக்காலத்தில் எலப்புள்ளி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும் இருந்தன. ஆட்சி எல்லை வேறாயினும் பாட்டின் எல்லை வேறாகவில்லை.

இத்தகைய இசைக்கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, நேர்காணல், அஞ்சலி, திறனாய்வு எனப் பல வடிவங்களில் அவை வெளிவந்துள்ளன. அவற்றின் மொழி இசையை எவ்வளவு தூரம் சொல்ல வல்லதாக இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இருமொழி வழங்கும் எல்லைப்பகுதி இதற்கு நல்ல உரைகல். ஒரு மொழியில் எழுதியதை அண்டை மொழியில் பெயர்க்க முற்படும்போது, எழுத்தில் பொருள் எங்கே உள்ளது, எங்கே இல்லை என்பது விளங்கிவிடும்.

2. பெயர்ப்புச் சோதனை

இவ்வகை எழுத்தில் மூவகை வாக்கியங்கள் காணப்படுகின்றன. விளக்கத்தின் பொருட்டு இக்கட்டுரையாளர் அமைத்த மாதிரிகள் வருமாறு:

(அ) தந்தையை இழந்த அச்சிறுவன் படக்கம்பெனி ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தான்.
(ஆ) அவருடைய மெட்டுகள் கேட்போர் நெஞ்சில் தேனாய்ப் பாய்ந்தன.
(இ) தொகையறா முடிந்தபின், பல்லவியின் இரண்டாம் சொல்லில்தான் தாளம் எடுக்கப்படுகிறது.

முதல் வாக்கியம் மலையாளத்திற்கு எளிதாகப் பெயர்கிறது. இரண்டாவதும் பெயர்கிறது, ஆனால் அதை எந்த இசையமைப்பாளருக்கும், எந்தப் பாடலுக்கும் சொல்லிவிடலாம். மூன்றாவது வாக்கியத்தில்தான் மொழிபெயர்ப்பாளர் தடைப்படுகிறார். தொகையறா என்பது பல்லவிக்கு முன்னர்த் தாளக்கட்டின்றிப் பாடப்படும் பகுதி. அதை ‘முன்னுரை’ என்று பெயர்த்தால் தாளமின்மை போய்விடும். ‘முன்னிசை’ என்றால் கருவியிசையோடு மயங்கும். ‘விருத்தம்’ என்றால் தனி நிகழ்த்துமுறை ஒன்றைக் குறிக்கும். பெயர்ப்பில் தடை தரும் இத்தகைய வாக்கியங்களே இசையைப் பற்றிய உண்மைச் செய்தியைத் தருவன. நம் நூல்களில் முதல் இருவகை மிகுதி. மூன்றாம் வகை அரிது. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

3. வாழ்க்கையை எழுதிய நூல்கள்

தமிழில் இசை பற்றிய எழுத்தே இல்லை என்பது பொருந்தாது. ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வெளிவந்தது. கல்கி ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் எழுதிய விமரிசனங்கள் கச்சேரி கேட்கும் கலையைப் பத்திரிகை வாசகருக்குக் கற்பித்தன. வீ.ப.கா. சுந்தரத்தின் ‘தமிழிசைக் கலைக்களஞ்சியம்’ 1992 முதல் தொகுதிகளாக வெளிவந்தது. இவையெல்லாம் செவ்வியல் இசைக்கு ஒரு சொல்வளத்தை உருவாக்கின. திரையிசைக்கு அத்தகைய சொல்வளம் எழுத்தில் உருவாகவில்லை.

கண்ணதாசனின் ‘வனவாசம்’ தமிழ்த் தன்வரலாறுகளுள் தனியிடம் பெற்றது. தன்னையே படர்க்கையில் ‘அவன்’ என்று கூறும் உத்தி அதற்கு ஒரு விலகலையும் நேர்மையையும் தருகிறது. எனினும் அதன் மையம் அரசியல்; பாட்டு உருவாகும் தொழில் அன்று. வாமனனின் ‘திரை இசை அலைகள்’ தொகுதிகளின் பயன் வேறு. முன்னோடிக் கலைஞர் பலரைப் பற்றிய செய்திகளைப் படம், பாடல், உடன் உழைத்தோர் என்னும் விவரங்களோடு அவை காத்துத் தந்துள்ளன. அவை இல்லையெனில் பல பெயர்கள் மறைந்தே போயிருக்கும். அவற்றின் அலகு பெரும்பாலும் மனிதர்தான். பாட்டு அவரை அறிமுகப்படுத்தும் சான்றாக வந்து நிற்கிறது.

விசுவநாதனைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கோவையில் ஜூபிடர் நிறுவனத்தில் சிறுவேலை பார்த்தபோது அவர் அமைத்த மெட்டு, எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் பெயரில் ஏற்கப்பட்டது என்றும், பின்னாளில் நாயுடுவே அதனை வெளிப்படுத்தி அவரை உயர்த்தினார் என்றும் கூறுவர். இந்நிகழ்ச்சி எல்லா மொழிக்கும் பெயரக்கூடியது. பெரியவரின் பெருந்தன்மை, சிறியவரின் பணிவு, காலத்தின் நீதி ஆகிய மூன்றும் அதில் உள்ளன. நாயுடுவின் கைவண்ணமாகவே பிறர் கருதத்தக்க வகையில் அம்மெட்டு எவ்வாறு அமைந்திருந்தது என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. ஒருவர் பாணியை மற்றொருவர் எங்ஙனம் கற்கிறார் என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது.

4. சொற்களில் மறைந்த கொள்கை

இக்குறை எழுத்தாளரின் குறை மட்டுமன்று. நாம் வழங்கும் சொற்களிலேயே அதன் வேர் உள்ளது. வரிகளை எழுதுபவர் ‘பாடலாசிரியர்’. மெட்டைப் படைப்பவர் ‘இசையமைப்பாளர்’. பாடலுக்கு ஆசிரியர் சொல்லை எழுதியவர் என்பதும், இசை பின்னர் அமைக்கப்படுவது என்பதும் இச்சொல்லிணையின் உட்கிடை. மலையாளத்தின் ‘கானரசயிதாவு’, ‘சங்கீத சம்விதாயகன்’ என்பனவும் இவ்வாறே பிரிக்கின்றன. ஆனால் தொழிலில் இருவழியும் உண்டு. ‘பாட்டுக்கு மெட்டு’, ‘மெட்டுக்குப் பாட்டு’ என்று கலைஞர்கள் அவற்றைத் தெளிவாக வேறுபடுத்துவர். இரண்டாம் வழியில் இசையமைப்பாளர் தத்தகாரத்தில் சந்தம் கொடுக்க, கவிஞர் அதில் சொல்லை நிரப்புகிறார்.

பேச்சுவழக்கு இதில் எழுத்துவழக்கினும் நுட்பமானது. ‘எம்.ஜி.ஆர். பாட்டு’, ‘டி.எம்.எஸ். பாட்டு’, ‘கண்ணதாசன் பாட்டு’, ‘இளையராஜா பாட்டு’ என்னும் தொடர்கள் இலக்கண அமைப்பில் ஒன்றே. முதல் சொல் நடிகரையும், பாடகரையும், கவிஞரையும், இசையமைப்பாளரையும் முறையே குறிக்கிறது. பாட்டுக்கு உரியவர் யார் என்னும் வினாவுக்கு மக்கள் நால்வகை விடை வைத்திருக்கின்றனர். திறனாய்வோ ஒன்றை மட்டும் ஏற்று, வரிகளின் பொருளை விளக்குவதையே பாடலின் விளக்கமாகக் கொள்கிறது.

‘மெல்லிசை’ என்னும் சொல்லின் வரலாறு இங்கு நோக்கத்தக்கது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 20 வண்ணங்களுள் மெல்லிசை வண்ணம் ஒன்று. அங்கு அது மெல்லெழுத்து மிகுந்து வரும் ஓசையைக் குறிக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அதே வடிவம் செவ்வியல் அல்லாத எளிய இசைக்குப் பெயராயிற்று. 1963இல் விசுவநாதன், ராமமூர்த்தி இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் வழங்கப்பட்டபின், தமிழில் அச்சொல் திரையிசையோடு பிரிக்க இயலாதவாறு இணைந்தது. மலையாளத்தில் ‘லளித கானம்’ என்றால் வானொலிவழி வளர்ந்த, படம் சாராத பாடலே முதலில் நினைவுக்கு வரும். எனவே அப்பட்டத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், விசுவநாதனை அவர் ஆளாத நாட்டுக்கு மன்னராக்கிவிடுவோம்.

‘பின்னணி’ மற்றோர் எடுத்துக்காட்டு. தமிழில் பின்னணிப் பாடகர், பின்னணி இசை என இரண்டிற்கும் ஒரே சொல். மலையாளம் முன்னதைப் ‘பின்னணி’ என்றும், பின்னதைப் ‘பச்சாத்தலம்’ என்றும் பிரிக்கிறது. இரு கருத்துகளைத் தமிழ் ஒரு சொல்லில் அடக்கியிருப்பதை அண்டை மொழியே நமக்குக் காட்டுகிறது. ‘சங்கதி’ இரு மொழியிலும் ‘செய்தி’ என்ற பொருளிலும் வழங்குவதால், ‘பாட்டில் சங்கதி அதிகம்’ என்பது இசை அறியாத மொழிபெயர்ப்பாளர் கையில் வேறு பொருள் கொள்ளும். ‘ரீரெக்கார்டிங்’ ஆங்கிலச் சொல்லாயினும், நம் படவுலகில் காட்சிகளுக்குப் பின்னணி இசை சேர்த்தலைக் குறிக்கிறது. அதை ஆங்கிலத்தில் அப்படியே எழுதினால் ஒலிக்கலவைப் பணி என்றே கொள்வர்.

5. இடுக்கி எல்லையும் இசையை எழுதும் முயற்சியும்

தெற்கே, இடுக்கி எல்லையில் நிலைமை சற்று வேறு. மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோர் பெரும்பாலும் தமிழர். 1958ஆம் ஆண்டுத் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பாடிய பிரசாரப் பாடல்கள் இளையராஜா பற்றிய எழுத்தில் தவறாது இடம்பெறுகின்றன. இங்கும் பாட்டின் விளைவு சொல்லப்படுகிறது, பாட்டு சொல்லப்படுவதில்லை. மலையாள அரசியலுக்கான கருத்து தோட்டத்துத் தமிழில் எத்தகைய மெட்டில் ஏறியது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றின் ஓர் அத்தியாயம். அது இன்னும் எழுதப்படவேண்டியது.

மாற்றுமுயற்சிகள் இரண்டைக் குறிப்பிடலாம். பிரேம், ரமேஷ் இருவரும் எழுதிய ‘இளையராஜா: இசையின் தத்துவமும் அழகியலும்’, தலைப்பே காட்டுவதுபோல், வாழ்க்கை நிகழ்ச்சிகளை விடுத்து இசையைச் சிந்தனைப் பொருளாக்க முயன்றது. வெகுமக்கள் இசையைத் தீவிரமாகப் பேசலாம் என்று நிறுவியது அதன் சாதனை. ஆனால் தத்துவச் சொற்களுக்கும் ஒலிப்பதிவுக்கூடத்துச் சொற்களுக்கும் இடையே பாலம் போதவில்லை.

இரண்டாவது, இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஷாஜியின் கட்டுரைகள். அவருடைய தொடக்கக் கட்டுரைகள் ஜெயமோகனின் மொழிபெயர்ப்பில் தமிழ் வாசகரை அடைந்தன. ‘சொல்லில் அடங்காத இசை’ என்று நூலுக்குப் பெயரிட்டிருப்பது இக்கட்டுரையின் பொருளையே எதிர்நிலையில் நின்று கூறுவதாகும். சலில் சௌதுரி போன்றோரைப் பற்றி எழுதும்போது, கேட்பவரின் வாழ்வும் கேட்கப்படும் ஒலியும் ஒருங்கே வருவது இவ்வெழுத்தின் சிறப்பு. மற்றொரு மொழியினர் என்பதால் தமிழின் தேய்ந்த புகழ்ச்சித் தொடர்கள் அவருக்குத் தாமாக வந்து கைகொடுப்பதில்லை, அதுவே நன்மையாயிற்று. எனினும் தலைப்பின் கூற்றை முழுதும் ஏற்பதற்கில்லை. இசை சொல்லில் அடங்காது என்பது உண்மையே. ஆனால் அடங்கக்கூடிய பகுதியையும் நாம் இன்னும் சொல்லவில்லை.

6. மொழியியலார் செய்யக்கூடியது

பாடகியர் பற்றிய எழுத்தில் இக்குறை மிகுதி. இனிமை, சோகம், ஈடுபாடு ஆகிய மூன்று சொற்களுக்குள் குரல் முடிந்துவிடுகிறது. ‘கருத்தம்மா’ பாடல் தென்மாவட்டப் பேச்சுத்தமிழைச் சார்ந்தது. பேச்சுத்தமிழில் சொல்லிறுதி மகர, னகரங்கள் மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறும். நீட்டிப் பாடும் இடத்தில் பாடகி அம்மூக்குயிரை நிறுத்துகிறாரா, மெய்யை மீட்கிறாரா என்பது கேட்டு எழுதத்தக்க செய்தி. சித்தூர் வட்டாரத்தில் பிறந்த ஒருவர் அவ்வழக்கை எங்ஙனம் தமதாக்கினார் என்பதை ஒலியியல் அறிந்தவர் நான்கு வரிகளில் விளக்கக்கூடும். ‘உருக்கம்’ என்று நாம் அழைப்பதன் ஒரு பகுதியேனும் அவ்வரிகளில் அகப்படும்.

இப்பணிக்குப் புதிய கலைச்சொல் ஆக்கம் முதல் தேவையன்று. மெட்டு, சந்தம், தத்தகாரம், தொகையறா, சங்கதி, பிட், கம்போசிங் என்னும் சொற்கள் ஏற்கெனவே தொழிலில் வழங்கிவருகின்றன. நூலெழுதுவோர் இவற்றைக் கொச்சை எனவோ ஆங்கிலம் எனவோ ஒதுக்கி, ‘இசை’ என்னும் பொதுச்சொல்லை எல்லா இடத்திலும் பெய்கின்றனர். தூய்மை காக்கப்படுகிறது, துல்லியம் இழக்கப்படுகிறது.

7. முடிவுரை

தமிழில் மெல்லிசைக் கலைஞர் பற்றிய எழுத்து வாழ்க்கையைச் சொல்வதில் வளமுடையது. இசையைச் சொல்வதில் வறியது. இவ்வறுமைக்குக் காரணம் மொழியின் இயலாமை அன்று. தொழிற்சொற்களை எழுத்து ஏற்காமையும், பாட்டை வரியாகவே கருதும் மரபுமே காரணங்கள்.

இதில் காலத்தின் நெருக்கடியும் உண்டு. ராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர். இசைக்குழு முழுவதும் ஒரே கூடத்தில் அமர்ந்து பதிவு செய்த காலத்தின் வாத்தியக்காரர்களும் முதுமையடைந்து வருகின்றனர். அஞ்சலிகள் அவர்களின் பணிவைப் பதிவு செய்கின்றன. அவர்கள் ஒருவரோடொருவர் பேசிய தொழில்மொழியைப் பதிவு செய்வதில்லை. இரு மொழியும் அறிந்த எல்லைப்பகுதிக் கலைஞர்களைக் கொண்டு, தமிழ், மலையாள இசைத் தொழிற்சொல் தொகுப்பு ஒன்றை உருவாக்குவது மொழி நிறுவனங்களால் இயலும் பணி. சென்னையில் இருந்துகொண்டு தேடினால் ‘பின்னணி’க்கு ஒரு பொருளே தோன்றும், வேலந்தாவளத்தில் நின்று கேட்டால் இரண்டும் தோன்றும்.