அளவுகோல் யார் கையில்?

அண்ணாமலையின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 814 மீட்டர். உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். போட்டுப் பாருங்கள், சுமார் 100 வரும். மூட்டமும் குறுக்கே மேடும் இல்லாவிட்டால் புதுச்சேரிக் கடல் நம் மலைக்குத் தெரிய வேண்டும்! இந்தக் கணக்கோடு ஒரு பழைய நூலைப் படிப்போம்.

ஜார்ஜ் லிடியார்ட் சலிவன் எழுதிய 'சான்சிபார் கடலில் தோவ் வேட்டை' 1873இல் வெளிவந்தது. இவர் 'டாஃப்னி' என்ற சிறு போர்க்கப்பலின் தலைவர். மரத்தாலான அக்கப்பல் 1866இல் நீரில் இறக்கப்பட்டது. பாயும் உண்டு, நீராவித் திருகும் உண்டு. ஆப்பிரிக்கக் கீழ்க்கரையில் அடிமைகளை ஏற்றிச்செல்லும் தோவ் எனும் பாய்க்கப்பல்களைப் பிடிப்பது அதன் காவல் வேலை. மீட்கப்பட்டவர்களின் நிலையைச் சலிவன் எழுதியுள்ள பக்கங்கள் நெஞ்சை உலுக்குபவை. அவரது இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் காவல் என்பது எவ்வளவு? பாய்மரத்தில் 30 மீட்டர் ஏறி நிற்பவனுக்கு அடிவானம் 20 கிலோமீட்டர்கூட இல்லை. சான்சிபாரிலிருந்து மஸ்கட்டுக்கோ 3000 கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவக்காற்றில் தோவ்கள் வடக்கே போகும் என்பதறிந்து, அவை கடக்கும் முனைகளில் காத்திருந்ததுதான் ஒரே வழி. அதிலும் ஒரு சிக்கல்: கில்வாவிலிருந்து லாமு வரை, சுல்தானின் எல்லைக்குள் அடிமைகளைக் கொண்டுசெல்வதை அன்றைய ஒப்பந்தம் தடுக்கவில்லை. குற்றம் லாமுவுக்கு அப்பால்தான் தொடங்கிற்று!

நூல் நம்மைத் திருப்தி செய்யாத இடம் வேறு. பிடித்தவர்களுக்குப் பரிசுப்பணம் உண்டு. மீட்கப்பட்டவர் தலைக்கு இவ்வளவு, அல்லது கப்பலின் டன்னுக்கு இவ்வளவு. தோவ் கடலோடத் தகுதியற்றது என்று சொல்லி நடுக்கடலிலேயே எரித்துவிடுவது வழக்கம். எரிக்குமுன் அளந்தவர்கள் யார்? பணம் பெறப்போகும் அதே அதிகாரிகள்! நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கித்தான் டன் வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுதினால், 1.1 × 1.1 × 1.1, அதாவது மூன்றில் ஒரு பங்கு அதிகம். சாம்பலை மறுபடி அளக்க முடியுமா? நேர்மையான வணிகரின் தோவ்களும் எரிக்கப்பட்டதாகப் புகார்கள் அந்நாளிலேயே எழுந்தன. சலிவன் இங்கே சாட்சியாக இல்லை, தம் துறையின் வக்கீலாக நிற்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் தன் அளவைத் தானே சரிபார்த்து, சோதனைப் பொருளையும் கொளுத்திவிட்டால் நாம் மதிப்பெண் கொடுப்போமா?

ஆயினும் நூலைத் தள்ளிவிடாதீர்கள். ஒரு காவல் கப்பலின் அன்றாடத்தை, கரைமுனைகளில் திறந்த படகுகளில் மாலுமிகள் நாட்கணக்கில் கிடந்ததை, இப்படி உள்ளேயிருந்து சொல்லும் நூல்கள் குறைவு. நூல் வெளிவந்த அதே 1873இல், ஜூன் மாதம், சுல்தான் பர்காஷ் கடல்வழி அடிமை வணிகத்தைத் தடைசெய்து சான்சிபார்ச் சந்தையை மூடக் கையொப்பமிட்டார். கையொப்பமிடாவிட்டால் துறைமுகத்தைக் கப்பல்கள் முற்றுகையிடும் என்ற மிரட்டலுக்குப் பிறகுதான்.