வேற்றுப் பூமித் தேட்டமும் தேடுவோர் நிழலும்

விஞ்ஞானத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் வெற்றிகளையே நிரல்படுத்திச் செல்வர். தோல்விகள் அடிக்குறிப்புக்களாய் ஒதுங்கிவிடும். ஆயினும், ஒரு துறையின் இயல்பை உள்ளவாறு அறிய விரும்புவார்க்கு அது வென்ற இடங்களினும் வழுக்கிய இடங்களே பெருந்துணை புரிவன. ஞாயிற்றுத் தொகுதிக்கு அப்பால், பிற விண்மீன்களைச் சுற்றி வருவனவும் நம் பூமியை ஒத்தனவுமான கோள்களைத் தேடும் முயற்சி இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்களின் தொகை 6000 ஐ எட்டிவிட்டதென 2025 ஆம் ஆண்டு செப்தெம்பரில் நாசா நிறுவனம் அறிவித்தது. ஒரு தலைமுறைக் காலத்துள் எய்தப்பட்ட இவ்வெற்றியைக் குறைத்துரைத்தல் எமது நோக்கமன்று. அவ்வெற்றி எவ்வழியாய் வந்தது, அதனை உலகுக்கு எடுத்துரைக்கும் மொழி எத்துணை நேர்மையுடையது என்னும் இரண்டினையுமே ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இத்தேட்டத்தின் அருமையை உணர்தல் வேண்டும். கோள் தனக்கென ஒளியுடையதன்று. அதன் விண்மீனோ கண்ணைப் பறிக்கும் ஒளியுடையது. ஆகவே கோளை நேரே காணாது, அது விண்மீனிடத்து விளைக்கும் சிறு மாற்றத்தைக் கொண்டே அதன் இருப்பை உய்த்துணர்கின்றனர். கோளின் ஈர்ப்பினால் விண்மீன் சிறிதே தள்ளாடும். அன்றிக் கோள் விண்மீனுக்கு முன்னே கடக்குங்கால் அதன் ஒளி சிறிதே குறையும். வியாழன் நம் ஞாயிற்றை விநாடிக்கு ஏறத்தாழ 12 மீற்றர் வேகத்தில் அசைக்கின்றது. பூமி அசைப்பதோ விநாடிக்கு 9 செந்திமீற்றர் மட்டுமே; தவழும் குழந்தையின் வேகமும் அதனின் மிக்கது. தொலைவிலிருந்து நோக்குவான் ஒருவனுக்குப் பூமி ஞாயிற்றைக் கடக்கும்போது மறையும் ஒளி பதினாயிரத்தில் ஒரு பங்கும் ஆகாது. அக்கடப்பும் ஆண்டுக்கு ஒரு முறை, பதின்மூன்று மணி நேர அளவினதாகவே நிகழும். அதனைக் காணத்தக்க கோணத்தில் அவன் நிற்பதற்கான வாய்ப்பு இருநூற்றில் ஒன்றே. இத்துணை நுண்ணிய அளவைகளைக் கையாளுவோன் தன் கருவியின் நடுக்கத்தையும் தன் இருப்பிடத்தின் அசைவையும் கோளெனக் கொள்ளும் இடர் எந்நேரமும் உண்டு. அவ்விடர் உண்மையாகவே நேர்ந்த வரலாறுகள் சிலவற்றைக் காண்போம்.

பாணாட் விண்மீன் எனப்படும் செங்குறு விண்மீன் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. வானத்தில் மிக விரைந்து இடம் பெயர்வதெனக் காணப்படும் இதனை, அமெரிக்காவிலுள்ள சுவாத்மோர்க் கல்லூரியின் ஸ்புறூல் அவதான நிலையத்திலிருந்து பீற்றர் வன் டி காம்ப் என்பார் 1938 ஆம் ஆண்டு முதல் ஒளிப்படத் தட்டுக்களிற் பதிவு செய்து வந்தார். ஈராயிரத்துக்கு மேற்பட்ட தட்டுக்களை அளந்தபின், அவ்விண்மீன் இருபத்துநான்கு ஆண்டுக்கு ஒரு முறை தள்ளாடுகின்றதென்றும், வியாழனின் ஒன்றரை மடங்குக்குச் சிறிது மேற்பட்ட திணிவுடைய கோளொன்று அதனைச் சுற்றுகின்றதென்றும் 1963 இல் அறிவித்தார். தட்டின்மீது அத்தள்ளாட்டத்தின் அளவு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்களவே. ஆற்றலரிய பணியை அவர் பொறுமையுடன் ஆற்றினார் என்பதில் ஐயமில்லை. பாடநூல்கள் அவர் முடிபை ஏற்றன. பிரித்தானிய கோளிடைக் கழகத்தார் 1973 இல் தொடங்கிய டெடலஸ் என்னும் விண்கலத் திட்டத்திற்கு இவ்விண்மீனையே இலக்காகக் கொண்டனர்.

ஆயின், அதே 1973 இல் கேற்வுட், ஐக்கோன் என்னும் இருவர் வேறு நிலையங்களின் தட்டுக்களை அளந்து, அத்தள்ளாட்டம் காணப்படவில்லை என்றனர். வன் டி காம்பின் நிலையத்திலேயே பணிபுரிந்த கேர்சி என்பார் வேறொரு விண்மீனின் தட்டுக்களையும் ஆராய்ந்தார். அதுவும் அதே காலங்களில் அவ்வாறே துள்ளியிருந்தது! 1949 இல் தொலைகாட்டியின் வில்லையைத் தாங்கும் கூடு மாற்றப்பட்டதே அதற்குக் காரணமாயிற்று. தள்ளாடியது விண்மீனன்று, தொலைகாட்டியே. வன் டி காம்ப் இதனை ஏற்றாரல்லர். 1982 இலும் தம் கோள்களை வலியுறுத்தி எழுதினார்; 1995 இல் இறக்கும்வரை தம் கொள்கையை விட்டிலர்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது அன்ட்ரூ லைன் என்பாரின் வரலாறு. மன்செஸ்ரர் சர்வகலாசாலையைச் சேர்ந்த இவரும் இவர் குழுவினரும், துடிப்பு விண்மீன் ஒன்றினைக் கோளொன்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுற்றி வருவதாக 1991 இல் அறிவித்தனர். ஆறு மாதமென்பது நம் ஆண்டின் சரிபாதியன்றோ? அவ்வையம் லைனையும் வாட்டியது. கணக்கை மீள ஆராய்ந்தபோது, பூமியின் பாதை முற்றிலும் வட்டமன்று என்பதனைத் தாம் உரியவாறு கழித்துக் கணியாமையே அக்கோளைத் தோற்றுவித்தது என்று கண்டார். வேற்றுலகமெனக் கண்டது நம் உலகின் அசைவையே. 1992 சனவரியில் அமெரிக்க வானியற் கழகத்தின் கூட்டத்தில், கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட மேடையிலேயே தம் பிழையை அவர் வெளிப்பட உரைத்தார். அவையோர் எழுந்து நின்று கரகோசம் செய்தனர். அதே கூட்டத்திற்றான் வொல்சான் என்பார் வேறொரு துடிப்பு விண்மீனின் கோள்களை விளக்கினார். அவையே இன்றும் நிலைபெற்ற முதற் புறக்கோள்கள். லைன் தம் பிழையை மறைத்திருப்பின், அடுத்துப் பேசியவரின் மெய்யும் ஐயத்துக்குள்ளாகியிருக்கும். ஒருவன் ஒப்பிய பிழை மற்றொருவன் கண்ட மெய்க்கு அரணாயிற்று என்க.

மூன்றாவது வரலாறு கிளீசே 581 என்னும் விண்மீனைப் பற்றியது. ஏறத்தாழ இருபது ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அதனை முப்பத்தேழு நாளில் ஒரு கோள் சுற்றுகின்றதென்றும், நீர் நீராகவே நிற்கத்தக்க தூரத்தில் அஃது உள்ளதென்றும் 2010 செப்தெம்பரில் வோக்ற், பட்லர் ஆகியோரின் குழு அறிவித்தது. அவர்களுள் ஒருவர், அங்கு உயிர் இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்பது தம் சொந்த எண்ணமெனவும் கூறினார். கோளே உறுதிப்படாத நிலையில் உயிர் உறுதிப்பட்டுவிட்டது! சில வாரங்களுள் ஜெனீவாக் குழுவினர் தம் அளவைகளில் அக்கோள் காணப்படவில்லை என்றனர். 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, விண்மீனின் மேற்பரப்பிலுள்ள புள்ளிகள் அதனோடு சுழல்வதே இவ்விளைவைத் தந்ததெனக் காட்டியது.

தொலைகாட்டியின் வில்லை, பூமியின் பாதை, விண்மீனின் முகத்துப் புள்ளி என மூன்று வரலாற்றிலும் மூன்று காரணங்கள் உள. ஆயின் பிழையின் வேர் ஒன்றே. தேடுவோன் தான் காண விழைந்ததை, இடையில் நின்றவற்றின் நிழலிற் கண்டான். இவர்களுள் எவரும் பொய்யர் அல்லர்; யாவரும் தேர்ந்த விஞ்ஞானிகளே. அதனாலேயே இவர்தம் பிழை நமக்குப் பாடமாகின்றது.

இனி, அளவையிலுள்ள பிழையை அளவையே காலத்தில் திருத்திக்கொள்ளும். மொழியிலுள்ள பிழையோ அத்துணை எளிதில் திருந்துவதன்று. 'பூமியை ஒத்த கோள்', 'இரண்டாம் பூமி' என்னும் தொடர்களை நோக்குக. இவற்றின் பின்னே அளக்கப்பட்டவை யாவை? பெரும்பாலும் ஆரை, அல்லது திணிவின் கீழெல்லை, அதனோடு விண்மீனிலிருந்து பெறும் ஒளியின் அளவு என்பன மாத்திரமே. இவ்வளவுகோலை நம் அயற்கோளான வெள்ளிக்கு இட்டுப் பார்ப்போம். வெள்ளியின் ஆரை பூமியினதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. திணிவு நூற்றுக்கு எண்பத்தொன்று. வேறொரு விண்மீனருகே இதனைக் கண்டிருப்பின் 'பூமியின் இரட்டை' எனச் செய்தித்தாள்கள் முழங்கியிருக்கும். அதன் தரையிலோ வெப்பநிலை 460 பாகை செல்சியசு அளவினது. வளியமுக்கம் நம்முடையதைப்போல் தொண்ணூறு மடங்கு. ஒப்புமை என்னும் சொல் இங்கு எவ்வளவு ஏமாற்றுகின்றதென்பது வெளிப்படை.

எண்களும் இவ்வாறே மயக்குவனவாம். ஞாயிற்றை நிகர்த்த விண்மீன்களுள் ஐந்திலொன்றுக்குப் பூமியளவான, வாழத்தக்க கோள் உண்டென 2013 இல் கெப்ளர் தொலைகாட்டியின் அளவைகளைக்கொண்டு கூறப்பட்டது. அவ்வாய்வில் பூமியளவு என்பதன் பொருள், பூமியின் ஆரை முதல் அதன் இரு மடங்கு வரை. வாழத்தக்க ஒளி என்பதன் பொருள், பூமி பெறுவதில் காற்பங்கு முதல் நான்கு மடங்கு வரை. வெள்ளி பெறுவது இரு மடங்குக்கும் சற்றுக் குறைவே. அதுவும் இவ்வெல்லைக்குள் அடங்கும். ஆய்வுக் கட்டுரை இவ்வெல்லைகளை ஒளிக்கவில்லை. செய்தியோ எல்லைகளை விடுத்து எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 2009 இல் ஏவப்பட்ட கெப்ளர், விண்மீன்கள் எதிர்பார்த்ததினும் அமைதியற்றனவாய் இருந்தமையாலும், 2013 இல் அதன் நிலைகாக்கும் சக்கரங்களுள் இரண்டாவதும் பழுதானமையாலும், பூமியை முழுதும் ஒத்த கோள்களை எண்ணி முடிக்கவில்லை. ஆகவே இத்தகைய பங்கீடுகள் எண்ணிப் பெற்றவையல்ல. எண்ணியவற்றை நீட்டிக் கணித்தவையேயாம்.

2015 இல் பூமியின் மூத்த உறவினனெனப் புகழப்பட்ட கெப்ளர் 452பி என்னும் கோளின் திணிவு அளக்கப்பட்டதேயில்லை. அதன் ஒளிக்குறைவு கருவியின் இரைச்சலன்று எனத் துணிவதற்குப் போதிய சான்றில்லையென 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது. கே2-18பி என்னும் கோளின் வளியில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் தோற்றுவிக்கும் இருமெதயில் சல்பைட்டு உளதென 2025 இல் கேம்பிறிட்சுக் குழுவொன்று குறிப்புரைத்தபோது, அக்கோள் பூமியின் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடையதென்பது மறக்கப்பட்டது. அதே அளவைகளைப் பிறர் ஆராய்ந்து, சான்று போதாதென்றனர்.

'மக்களின் ஆர்வத்தைத் தூண்டாவிடின் இவ்வாராய்ச்சிக்குப் பொருளுதவி கிட்டுமோ?' எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று, பெருந்தொலைகாட்டிகள் மக்களின் வரிப்பணத்தால் எழுபவை. ஆயினும், பத்துமுறை 'இரண்டாம் பூமி' எனக் கேட்டுப் பத்துமுறையும் ஏமாந்தவன், பதினொராம் முறை மெய்யே வரினும் நம்புவானோ? அதனினும் பெரிய தீங்கொன்றுண்டு. இப்பூமிக்கு மாற்றுண்டு என்னும் மயக்கத்தை இம்மொழி விதைக்கின்றது. மிக அணித்தான புரொக்சிமா விண்மீனின் தூரத்தை வொயேசர் விண்கலத்தின் வேகத்திற் கடப்பதற்கே எழுபதினாயிரம் ஆண்டுக்கு மேல் வேண்டும். நம் காற்றையும் நீரையும் கெடுத்துவிட்டுக் குடிபெயர்தற்கு வேறு மனையில்லை.

முடிவில் மீண்டும் பாணாட் விண்மீனுக்கே வருவோம். 2018 இல் அதனை 233 நாளில் சுற்றும் கோளொன்று அறிவிக்கப்பட்டது. 2021 இல் அதுவும் விண்மீனின் செயற்பாட்டால் விளைந்த தோற்றமே எனக் கண்டனர். பின்னர் 2024 இல், சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைகாட்டியின் துணைகொண்டு, மூன்று நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் சுற்றும் சிறு கோளொன்றைக் கண்டனர். 2025 இல் அவாயித் தீவிலுள்ள வேறொரு தொலைகாட்டி, வேறொரு கருவி, வேறொரு குழு ஆகியவற்றால் அஃது உறுதிப்பட்டதோடு மொத்தம் நான்கு கோள்கள் உளவென்பதும் தெளிவாயிற்று. ஒவ்வொன்றும் பூமியின் திணிவில் ஐந்திலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையினது. யாவும் ஏழு நாளுக்குள் விண்மீனைச் சுற்றி முடிப்பன. நீர் நிற்கவொண்ணா வெப்பமுடையன. பூமியை அவை ஒத்தனவல்ல; அவற்றைக் கண்டவரும் அவ்வாறு கூறினாரல்லர்.

வன் டி காம்ப் வியாழனை நிகர்த்த பெருங்கோளைத் தேடிய இடத்தில், அறுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து உறுதிப்பட்டவை இச்சிறு கோள்களே. அவர் காணாத உண்மை அங்கேயே இருந்தது. ஆயின் அவர் கண்டது அதுவன்று. உண்மைக்கு அருகில் நிற்றல் வேறு, உண்மையை அறிதல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பதற்கே கேற்வுட்டின் மறுப்பும், கேர்சியின் ஐயமும், லைனின் ஒப்புதலும் பயன்பட்டன.

எம் கல்லூரி மாணவருள் விஞ்ஞானம் பயில்வோர் இதனை உளங்கொள்வாராக. ஆய்கூடத்தில் தாம் எதிர்பார்த்த விடை வந்தவுடன் ஏட்டை மூடிவிடுதல் மாணவர் வழக்கம். எதிர்பார்த்த விடை வரும்போதே மிக ஐயுறல் வேண்டுமென்பது இவ்வரலாறு கற்பிக்கும் பாடம். செய்தித்தாளில் 'இரண்டாம் பூமி' என்னும் தலைப்பைக் காணுந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புக: அளந்தது யாது? அளவாது ஊகித்தது யாது? பிறிதொரு குழு பிறிதொரு கருவியால் அதனைக் கண்டதோ? இம்மூன்றுக்கும் விடை கிட்டும்வரை நம்பாதிருத்தல் அவநம்பிக்கையன்று. அதுவே அறிவுக்குச் செய்யும் மரியாதை. பூமியை உண்மையாகவே ஒத்த கோளொன்று ஒருநாள் காணப்படலாம். அன்று அதனைக் கண்டவர் சொல்லை உலகம் நம்பவேண்டுமாயின், இன்று நாம் சொற்களை அளந்து வழங்கப் பழகல் வேண்டும்.