ஐந்தாம் பாகத்தைக் கடப்பது

‘பொன்னியின் செல்வ’னின் ஐந்தாம் பாகத்தில் பாதிக்குமேல் என்னால் நகர முடியவில்லை. முதல் நான்கு பாகங்களை ஒரு மாதத்துக்குள் படித்தவன்தான். புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு வேலைக்குப் போய்வரும் பஸ்ஸிலேயே பெரும்பகுதி முடிந்தது. கடைசிப் பாகத்தின் 91 அத்தியாயங்களுக்கு மட்டும் மூன்று மாதமாயிற்று. இதை வெறும் அலுப்பு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. ஒரு நாவல் எந்த இடத்தில் வாசகனைக் கைவிடுகிறது என்பது, அது எதை நம்புகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கல்கிக்குச் சிருஷ்டித் திறன் கிடையாது என்ற சிறுபத்திரிகைத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. உடையார்குடிக் கல்வெட்டு, பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் கல்கி நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். தான் வெட்டிய தலையை மறக்க முடியாமல் கடம்பூர் மாளிகையில் வெந்துகொண்டிருக்கும் கரிகாலன், தமிழ்ச் சரித்திரக் கதைகளில் அகவாழ்க்கை கொண்ட அபூர்வமான பாத்திரம். வென்றவனின் பட்டமே அவனுக்குத் தண்டனையாகிறது. பாண்டிய நாட்டில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு இது இன்னும் உறைக்கும்.

கரிகாலன் சாகிறான். அதோடு நாவலின் உள்ளுயிரும் போய்விடுகிறது. மீதிப் பக்கங்களில் நடப்பது, வங்கியில் மாலை வேளையில் நாங்கள் செய்யும் வேலை: ஒவ்வொரு கணக்கையும் நேராக்கி மூடுவது. யார் யாருக்கு மகன், யாருக்கு யாருடன் கலியாணம், கிரீடம் யாருக்கு. கொலைகாரன் யார் என்ற ஒரு கணக்கு மட்டும் வேண்டுமென்றே திறந்து விடப்படுகிறது. விட்டுப்போனவற்றைச் சொல்ல ஒரு முடிவுரை வேறு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு ஆசிரியர் பட்ட கடன் அது. கலைக்கு அந்தக் கடன் கிடையாது.

என் ஏமாற்றத்தின் வேர் பூங்குழலியிடம் இருக்கிறது. கோடிக்கரைப் படகுக்காரி. இரண்டாம் பாகத்தில் கொந்தளிக்கும் கடலிலிருந்து இளவரசனையே மீட்டுவருகிறாள். கடலோரத்தில் வளர்ந்தவனுக்குத் தெரியும், இவள் கைக்கு அரண்மனை எதையும் கூட்டிக் கொடுத்துவிட முடியாது. தஞ்சையில் பூக்கைங்கரியம் செய்யும் சேந்தன் அமுதனும் அப்படியே. சாமானிய மனிதனின் சாந்தம் அவனிடம் இருக்கிறது. கடைசியில் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்றாகிறது. பூங்குழலி அரசியாகிறாள். சாமானியர்களாகவே இருந்து கௌரவம் பெற இந்த நாவலில் அவர்களுக்கு இடமில்லை. பிறப்பு ரகசியம் ஒன்று வந்துதான் அவர்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தியாக சிகரம் என்ற தலைப்பின் கீழ், கிரீடத்துக்கு முன்னால் எல்லோரும் ஒருமுறை குனிந்து எழுகிறார்கள்.

இதே பொன்னியின் செல்வன் ராஜராஜனான பின், தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளில் நகைகளின் முத்துக்கள் எண்ணப்பட்டிருக்கின்றன. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என்று வகை பிரித்து, எடை போட்டு. எங்கள் கிளை மானேஜர் கண்டால் மகிழ்ந்துபோவார். ஆனால் முத்தை எடுத்தவனைப் பற்றி அந்தக் கணக்கில் ஒரு வரி கிடையாது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவன், கரையில் குவித்த சிப்பி அழுகி நாறும்வரை காத்திருந்து அலசியவள் ஆகியோரின் சரித்திரம் கல்லில் ஏறவில்லை. அந்தத் தொழிலின் பழைய துறையான கொற்கையை இன்று கடல் விட்டு விலகி வெகுதூரம் போய்விட்டது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல்.

அரசன் எழுதிவைத்ததை அலங்கரித்துத் திரும்பச் சொல்ல நாவல் வேண்டியதில்லை, கல்வெட்டே போதும். எழுதாமல் விட்டதற்குத்தான் நாவல் வேண்டும். உடையார்குடியில் அந்த வாசல் கல்கிக்குத் திறந்திருந்தது. கரிகாலன் வரைக்கும் போனார். பூங்குழலியிடம் வந்தபோது படகைப் பறித்துக்கொண்டு மகுடத்தைக் கொடுத்துவிட்டார்.